உரிப்பொருள் இல்லாத திணை

அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன ஜூலையில் அவள் வகுப்பின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த மாதத்தின் தீம் ‘நீர்’. எல்லாப் பாடங்களும் அதைச் சுற்றியே நடக்கும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் நீல உடையில் வர வேண்டும். நீர் சம்பந்தமான மாடல் ஒன்றை வீட்டில் செய்து கொடுத்தனுப்ப வேண்டும். அக்கா வேலைக்குப் போகிறவள் என்பதால் மாடல் என் தலையில் விழுந்தது. தெர்மாகோல், நீல பெயின்ட், மேகத்துக்குப் பஞ்சு. மழை எப்படிப் பெய்கிறது என்பதை அம்புக்குறி போட்டு ஒட்டி முடித்தபோது இரவு பதினொன்று. பிள்ளை ஒன்பது மணிக்கே தூங்கிப் போயிருந்தாள்.

அந்த மாதம் முழுக்க, வேறு வேலை இல்லாதவன் போல, அவள் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கணக்கில் மீன்களைக் கூட்டினார்கள், வாத்துகளைக் கழித்தார்கள். தமிழில் ‘நீ’ என்று தொடங்கும் சொற்கள். ஆங்கிலத்தில் மழைப் பாட்டு. சூழ்நிலையியலில் தண்ணீரின் ஐந்து பயன்கள். ஓவியத்தில் ஸ்பாஞ்சை நனைத்துக் கடல். எல்லாப் பக்கங்களும் நீலமாக இருந்தன.

எங்கள் தெருவில் அப்போது லாரித் தண்ணீர். செவ்வாயும் வெள்ளியும் வரும். யார் வீட்டுக்கு எத்தனை குடம், யார் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், கடைசி வீட்டுப் பாட்டிக்கு யார் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஹாரன் சத்தத்தை வைத்தே இன்று எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவாள். முன்னாடி வர அண்ணன் ரெண்டு தடவை விட்டு விட்டு அடிப்பார், மீசைக்காரர் ஒரே இழுப்பாக இழுப்பார். அந்த மாதத்து நோட்டில் ஓர் இடத்திலும் லாரி இல்லை. நோட்டில் தண்ணீர் அருவியிலிருந்து வந்தது, ஆற்றில் ஓடியது, கடலில் சேர்ந்தது. குழாயில்கூட வரவில்லை.

இதைப் படித்ததும் ‘பள்ளிக்கூடத்தைத் திட்டும் கட்டுரை’ என்று நினைத்துத் தாவிப் போக வேண்டாம். அந்த ஆசிரியை மீது எனக்குக் கோபமில்லை. முப்பத்தைந்து பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு ஒர்க்‌ஷீட், மாத இறுதியில் போட்டோ போட்டாக வேண்டிய கட்டாயம். எனக்கு இருப்பது இலக்கிய வாசகனின் பிரச்சினை. ஒரு மையப்பொருளை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதோடு கட்டுவது என்பது கவிதை செய்கிற வேலை. கவிதை அதைச் சரியாகச் செய்யும்போது என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். வெறும் மோனைக்காகச் சொற்களை அடுக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும், கல்லூரி ஆண்டு மலர்களை வாசித்தவர்கள் நாம். அந்த நோட்டில் இருந்தது மோனை. மீன், மழை, மேகம், முதலை. ஓசை ஒன்றுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

மையப்பொருளை வைத்து உலகத்தைக் கட்டும் முறைக்கு நம்மிடம் பழைய இலக்கணம் ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் அகத்திணையியல். பள்ளியில் மனப்பாடம் செய்த அட்டவணையாகத்தான் பலருக்கும் நினைவிருக்கும்: நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள், புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் உரிப்பொருள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இதுவே ஒரு தீம் அட்டவணைதான். முல்லை என்றால் காடு, கார்காலம், மாலை, மாயோன், காட்டுக்கோழி, மான், வரகு, ஆநிரை மேய்த்தல். புவியியல், பருவநிலை, உயிரியல், இசை, பொருளாதாரம் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ். ஆனால் தொல்காப்பியர் அங்கே நிறுத்தவில்லை. பாடலுக்குள் வரும்போது முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தவை என்று வரிசை சொல்கிறார். உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்றும் சொல்கிறார். அதாவது குறிஞ்சிப் பறவை முல்லைக்குள் பறந்து வந்துவிட்டால் குடி முழுகிவிடாது. காத்திருத்தல் என்பது போய்விட்டால் முல்லை இல்லை. மானும் வரகும் மட்டும் மிஞ்சும். மானும் வரகும் கொண்ட பட்டியலை யாரும் கவிதை என்று சொல்லமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்துத் தீமில் கருப்பொருள் மட்டுமே இருக்கிறது. நீர் என்ற திணையின் உரிப்பொருள் என்ன? எங்கள் தெருவைக் கேட்டால் காத்திருத்தல். (முல்லைதான், பாருங்கள்.) டெல்டாவில் கேட்டால் வேறு சொல்வார்கள், கடலூரில் வெள்ளம் பார்த்தவர்களைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். அந்த ஒன்று இருந்தால்தான் குடங்களை எண்ணுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது ஒரு நாவல் வந்து நின்றது. நான் எதிர்பார்க்கவே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில், லைப்சிக் பல்கலைக்கழகத்தில், டூயிஸ்கோன் ட்ஸில்லர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஹெர்பார்ட்டின் வழி வந்தவர். நம் ஊரில் பி.எட். படித்தவர்களுக்கு ஹெர்பார்ட் என்ற பெயர் கனவிலும் வரும். பாடத்திட்டக் குறிப்பு எழுதும்போது வரிசையாகப் போடும் அந்தப் படிகள் அவர் வழியினர் வளர்த்தெடுத்தவைதான். ட்ஸில்லரின் கொள்கை இது: பிள்ளையின் மனம் சிதறக்கூடாது, ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரே மையப் பொருள் வேண்டும், மற்ற பாடங்கள் எல்லாம் அதிலிருந்து கிளைக்க வேண்டும். முதலாம் ஆண்டுக்கு கிரிம் சகோதரர்களின் கதைகள். இரண்டாம் ஆண்டுக்கு ராபின்சன் குரூசோ. ஆண்டு முழுக்க அதுதான். அந்தக் கதையிலிருந்தே கணக்கு, இயற்கை அறிவு, கைவேலை, ஓவியம். அவருக்குப் பின் யேனாவில் வில்ஹெல்ம் ரைன் இதை விரிவான பாடத்திட்டமாகவே எழுதினார். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஓராண்டு முழுக்க ஒரு தீவில் வசித்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஏன் ராபின்சன்? அதற்கு ரூஸோவிடம் போக வேண்டும். 1762இல் வெளிவந்த ‘எமீல்’ நூலில், தான் வளர்க்கும் கற்பனைப் பையனுக்குப் புத்தகங்களே கூடாது என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு விலக்கு தருகிறார். டேனியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோ. தனி மனிதன், வெறும் தீவு, தேவை வந்தால் பொருளைச் செய்துகொள்ள வேண்டும். எது பயனுள்ளது என்று ஊர் சொல்வதை வைத்து இல்லாமல் தேவையை வைத்து அறியலாம். ஆனால் புத்தகத்தை முழுதாகக் கொடுக்கச் சொல்லவில்லை. கப்பல் உடைவதில் தொடங்கி, மீட்க வரும் கப்பலோடு முடிக்க வேண்டும், மற்ற குப்பைகளை நீக்கிவிட வேண்டும் என்கிறார். 1779இல் காம்பே என்ற ஜெர்மானியர் இன்னொரு படி மேலே போனார். ஓர் அப்பா பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கதை சொல்வது போல அதைத் திருப்பி எழுதினார். டீஃபோவின் ராபின்சன் உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கி, கோடாரி, ரம், பிஸ்கட் என்று மூட்டை மூட்டையாக இறக்குகிறான். காம்பேயின் ராபின்சனுக்கு எதுவும் இல்லை, வெறும் கை. கருவி இருந்தால் பாடம் நடத்த முடியாதல்லவா.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. கப்பல் உடைவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் இருப்பது என்ன? அப்பாவின் பேச்சை மீறி ஓடிப் போன மகன். தன்னோடு தப்பித்து வந்த ஸூரி என்ற சிறுவனைக் கப்பல் தலைவனுக்கு விற்றுவிடுகிறான். பிரேசிலில் தோட்டம் போடுகிறான். தோட்டத்துக்கு ஆள் போதாமல் கினிக் கடற்கரைக்கு அடிமைகளை வாங்கக் கப்பல் ஏறுகிறான். அந்தப் பயணத்தில்தான் கப்பல் உடைகிறது. ரூஸோ சொன்ன இடத்தில் கத்தரித்தால் போவது இதுதான். குற்றம் போய்விடுகிறது, அதோடு அந்தத் தனிமைக்கான காரணமும் போய்விடுகிறது. மிஞ்சுவது தீவு, ஆடு, பார்லி, மண்பானை. சுத்தமான கருப்பொருள். ஒரு நாவலைத் தீமாக்க முதலில் அதன் உரிப்பொருளைப் பிடுங்க வேண்டியிருந்தது என்று நான் வாசிக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அடிமை வணிகம் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வெட்டிய பிறகு இருப்பதற்கு ராபின்சன் என்று பெயர் சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

இத்தனைக்கும் டீஃபோவின் நாவலில் கணக்கு நிரம்பி வழிகிறது, யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. 1659 செப்டம்பர் 30 அன்று கரையேறியவன் கம்பம் ஒன்றை நட்டு நாளுக்கு ஒரு வெட்டு போடுகிறான். வியாபாரி போல நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று வரவு செலவு எழுதுகிறான். பெரிய தேவதாரு மரத்தைப் படகாக்க நினைத்து, அடியை வெட்ட 20 நாள், கிளைகளைக் கழிக்க 14 நாள், வடிவம் கொண்டுவர ஒரு மாதம், குடைய ஏறக்குறைய 3 மாதம் உழைக்கிறான். படகு தயார். தண்ணீர் 100 கெஜத் தூரத்தில். நகர்த்த முடியவில்லை! சரி, கால்வாய் வெட்டித் தண்ணீரைப் படகிடம் கொண்டுவரலாம் என்று கணக்குப் போடுகிறான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று விடை வருகிறது. படகு அங்கேயே கிடக்கிறது. எடை, தூரம், உழைப்பு, காலம் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன, முன்யோசனை இல்லாத ஒருவனின் அவமானமும் கூடவே இருக்கிறது. அவமானம் இருப்பதால்தான் எனக்கு அந்த எண்கள் மறக்கவில்லை.

அதைவிட நல்ல இடம் அந்தக் காலடித் தடம். பதினைந்து வருஷத் தனிமைக்குப் பிறகு மணலில் ஒரே ஒரு தடம். பயந்து ஓடி ஒளிகிறான், நாள்கணக்கில் வெளியே வரவில்லை. பிறகு ஒரு ஆசை வருகிறது, ஒருவேளை அது என் காலாகவே இருக்குமோ. திரும்பிப் போய்த் தன் காலை அதன்மேல் வைத்து அளக்கிறான். அவன் கால் சிறியது. தடம் பெரியது. நீட்டலளவை என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அளந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் ஒருவன் அளக்கிறான், விடையில் அவன் உயிர் இருக்கிறது. தடத்தை விட்டுவிட்டு ‘ராபின்சனிடம் 4 ஆடுகள் இருந்தன’ என்று கணக்குப் போட்டால், அது எங்கள் வீட்டு நோட்டில் இருந்த வாத்துதான். தீவுக்கு வந்த வாத்து.

இந்தியாவில் இதே யோசனை வேறு உடை போட்டு வந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாடு, ஜாகிர் உசேன் தலைமையில் குழு, 7 வயது முதல் 14 வரை ஏழாண்டுக் கல்வி. தமிழில் ஆதாரக் கல்வி என்றோம். மையம் புத்தகம் இல்லை, கைத்தொழில். தக்ளியில் நூற்கும் பிள்ளை சுற்றுகளை எண்ணும், சிட்டங்களைக் கணக்கிடும், பஞ்சின் எடையையும் சேதாரத்தையும் கழிக்கும். பருத்தி எந்த மண்ணில் விளைகிறது என்பதில் புவியியல் வரும், கம்பெனி ஆட்சியில் நெசவாளி என்ன ஆனான் என்பதில் வரலாறு வரும். சேவாகிராமத்தில் இதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர், அதற்கு முன் சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்தவர். நம் பாடநூல்கள் அவரை மறந்துவிட்டது எனக்கு ஆச்சரியமில்லை, நாம் மறக்காதது எது.

நீல உடை தீமைவிட இது எவ்வளவோ மேல். நூல் உண்மையான நூல். அறுந்தால் அறுந்ததுதான். எண்ணுவதற்குக் காரணம் கையில் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இரண்டு சங்கடங்கள். ஒன்று, எல்லாவற்றையும் தக்ளியோடு இணைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கட்டத்தில் ஆசிரியர் முடிச்சுப் போட ஆரம்பித்துவிடுவார். நிலாவைப் பற்றிக் கேட்கும் பிள்ளையை நூலுக்குத் திருப்பிக் கொண்டுவருவார். இன்னொன்று பெரியது. பிள்ளைகள் செய்யும் பொருள் விற்றுப் பள்ளி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் காந்தி உறுதியாக இருந்தார். மாகாணங்களில் மதுவிலக்கு கொண்டுவந்தால் கலால் வருமானம் போய்விடும், அந்தப் பணத்தில்தான் பள்ளிகள் நடந்தன, பிறகு என்ன செய்வது என்பது அவர் முன்னால் இருந்த நிஜமான கேள்வி. ஆக, அந்த நூலுக்குத் தேவை இருந்தது, ஆனால் அது யாருடைய தேவை? பட்ஜெட்டின் தேவை. பிள்ளையின் உரிப்பொருளை அரசாங்கம் எழுதிக் கொடுத்தது போல ஆகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப் பள்ளி ஒருவேளை மட்டும், மிச்ச நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார். எதிர்ப்பு எழுந்தது, ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இது மையப்பொருள் கல்வி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ‘பிள்ளையின் வாழ்க்கையிலிருந்தே பாடத்தை எடு’ என்று யாராவது மேடையில் சொல்லும்போது, இந்த ஊரில் ஒருவர் எழுந்து ‘எந்தப் பிள்ளை, எந்த வாழ்க்கை?’ என்று கேட்பதற்கு உரிமை இருக்கிறது. செருப்புத் தைப்பவர் மகனுக்குத் தோலை வைத்துக் கணக்கு, தோட்டக்காரர் மகளுக்குச் செடியை வைத்து அறிவியல் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நாம் பார்த்திருக்கிறோம். அருவி படம் போட்ட நோட்டில் ஒரு நியாயமும் இருக்கிறது: அது எல்லாருக்கும் சமமாக அந்நியம்.

இதையெல்லாம் வாசிப்பதற்குப் பல வருஷம் முன்னால் நானே ஒரு தீம் நடத்தினேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால்.

கல்லூரி முடித்த புதிதில், நண்பர்கள் சிலர் நடத்திய மாலை வகுப்பில் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கப் போவேன். பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள், பெரும்பாலும் அந்தத் தெருக்களில் கடை போடுபவர்களின் வீடுகளிலிருந்து. எங்கோ படித்துவிட்டு, ஒரு மாதம் முழுக்க ‘சந்தை’ என்ற தலைப்பில் எல்லாம் நடத்தலாம் என்று முடிவு செய்தேன். அட்டையில் கடைப் பலகை எழுதினோம். காகிதத்தில் ரூபாய் நோட்டு வெட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்தே பாடம்! மூன்றாவது வாரம் ஜெராக்ஸ் போட்ட தாள் ஒன்று கொடுத்தேன். அதில் ஒரு கணக்கு: ஒரு முழம் மல்லிகை 20 ரூபாய், 7 முழம் வாங்கினால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா பூக்கடை. தாளைப் பார்த்துவிட்டு, “மணி என்னண்ணா?” என்றாள்.

வீட்டுக்குப் போக அவசரப்படுகிறாள் என்று நினைத்தேன். “ஆறே முக்கால். இன்னும் நேரமிருக்கு, உக்காரு.”

“அதில்லண்ணா. கணக்குல மணி என்ன?”

எனக்குப் புரியவில்லை. “கணக்குல மணியெல்லாம் கிடையாது. இருபது ரூபா, ஏழு முழம், பெருக்கு.”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “யாரு கையிண்ணா? அம்மா கையா, எங்கையா?” என்று கையை நீட்டிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தாளில் 27 என்று எழுதிக் கொடுத்தாள். கூட்டியிருக்கிறாள். சிவப்பு மையில் தப்பு போட்டேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் சிரித்ததால்தான் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்வது. அது முகூர்த்த மாதம். கடையில் பூக்கட்ட ஆள் வேண்டியிருந்திருக்கும்.

அவள் கேட்ட இரண்டு கேள்விகளும் எவ்வளவு பெரியவை என்று எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று. மல்லிகைக்கு விலை என்று ஒன்று கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு விலை, மொட்டு விரியத் தொடங்கும் ஏழு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு மேல் கூவிக் கூவிக் கொடுக்கும் விலை ஒன்று. வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள், பனிக்காலம் எல்லாம் அதில் ஏறி இறங்கும். முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை. பூக்காரர்களுக்கும் அப்படித்தான், காரணம் வேறு. முழம் என்ற அளவும் அப்படி. எட்டு வயதுப் பிள்ளையின் முழமும் அம்மாவின் முழமும் ஒன்றல்ல என்பதால்தான் வாங்குபவர் ‘நீ அளக்காத, உங்கம்மாவை அளக்கச் சொல்லு’ என்கிறார். அல்லது பிள்ளையை அளக்கச் சொல்லிக் கடைக்காரம்மா லாபம் பார்க்கிறார். மீட்டர் என்று ஒன்றை உலகம் ஏன் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்ற மொத்தப் பாடமும் அவள் நீட்டிய கையில் இருந்தது. ராபின்சன் தடத்தின்மேல் கால் வைத்ததும் இதுவும் ஒரே செயல். நான் சந்தையின் கருப்பொருளை மட்டும் அறைக்குள் கொண்டுவந்திருந்தேன்: பலகை, நோட்டு, பூவின் பெயர். விற்றுத் தீர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் குப்பை என்ற அந்த மாலைப்பொழுதின் பதற்றத்தை வெளியே விட்டுவிட்டேன். அவள் அதை உள்ளே கொண்டுவரப் பார்த்தாள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் செய்த ஓர் ஆய்வு இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. டெரெசினா கரேஹர், டேவிட் கரேஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்டார்கள். தெருவில் விற்கும் 5 பிள்ளைகள், வயது 9 முதல் 15. முதலில் வாடிக்கையாளர் போலப் போய் வாங்கிக் கணக்குக் கேட்டார்கள். தேங்காய் ஒன்று 35 என்றால் 10 எவ்வளவு? பையன் மூன்று 105, இன்னும் மூன்று 210, மேலே போய் 315, கடைசியில் 350 என்று வாயாலேயே சொல்கிறான். இப்படிக் கேட்டவற்றில் 98 சதவீதம் சரி. பிறகு அதே எண்களை உட்காரவைத்துத் தாளில் வெறும் பெருக்கலாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். சின்ன ஆய்வு, ஐந்தே பிள்ளைகள். எனக்கு முக்கியமாகப் பட்டது நடுவில் இருக்கும் எண். அதே கணக்கைக் கதை போல, ‘ஒரு பையன் தேங்காய் விற்கிறான்’ என்று கொடுத்தால் 74. என் ஜெராக்ஸ் தாள் இருந்த இடம் அதுதான். வெற்றுக் கணக்கைவிட மேல், தெருவைவிடக் கீழ். தீம் உதவுகிறது என்பதற்கும் அது போதாது என்பதற்கும் ஒரே எண் சாட்சி.

‘பிள்ளைகளிடமே கேள்’ என்பதை ஒருவர் முழுசாகச் செய்து பார்த்திருக்கிறார். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர். 1963இல் வந்த அவருடைய ‘டீச்சர்’ புத்தகம். காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் உனக்கு இன்று என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். அது சொன்னதைப் பெரிய அட்டையில் எழுதிக் கொடுப்பார். பேய், முத்தம் போன்ற சொற்கள் வந்தன. மறுநாள் அட்டைகளைக் குவித்துவிட்டு உன்னுடையதைக் கண்டுபிடி என்பார். கண்டுபிடிக்க முடியாத அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். பிள்ளை முட்டாள் என்று அர்த்தமில்லை, அந்தச் சொல் அதற்குரியது இல்லை என்று அர்த்தம். இவ்வளவு கறாரான வாசகர் எந்த இலக்கியப் பத்திரிகைக்கும் கிடைத்ததில்லை. நினைவில் நிற்காத சொல்லுக்கு இடமில்லை! இங்கே வகுப்புக்கு ஒரு தீம் கிடையாது, தலைக்கு ஒன்று. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து உரிப்பொருள். இதை வைத்து எழுத்தும் வாசிப்பும் வந்தன, பெருக்கல் வாய்ப்பாடு வருமா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ம் ஞாபகம் வருகிறது. கதை சொல்லியே வகுப்பைத் தன் பக்கம் இழுக்கும் ஆசிரியரின் கதை. அதில் எனக்குப் பிடித்தது முதல் நாள். அமைதி விளையாட்டு என்று ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போய், பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கவிழ்த்துவிடுகிறார்கள். ஆசிரியர்கள் எழுதும் புத்தகங்களில் இந்த முதல் நாள் எப்போதும் இரண்டு பக்கம்தான் இருக்கும், பிறகு வெற்றி வந்துவிடும். முதல் நாளே வருஷம் முழுக்க நீளும் ஒரு புத்தகத்தை யாராவது எழுதினால் முன்பதிவு செய்து வாங்குவேன்.

ஆகஸ்ட் மாதத் தீம் வந்துவிட்டது. ‘நமக்கு உதவுபவர்கள்’. டாக்டர், போலீஸ், ராணுவ வீரர், ஆசிரியர் என்று குழுவில் உதாரணம் போட்டிருந்தார்கள். மாறுவேடத்தில் வர வேண்டும். என்னவாகப் போகிறாய் என்று அக்கா கேட்டதற்குப் பிள்ளை யோசிக்கவே இல்லை, “தண்ணி லாரி டிரைவர்” என்றாள். வாடகைக்கு வேஷ உடை தரும் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டு இருந்தது, நர்ஸ் தொப்பி இருந்தது, பாரதியார் தலைப்பாகைகூட இருந்தது. கடைக்காரர் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, “லாரி டிரைவருக்கெல்லாம் டிரெஸ் கிடையாது சார். போலீஸ் டிரெஸ் எடுத்துக்கோங்க. தொப்பி, பெல்ட்டை எடுத்துட்டா காக்கிதான, யாருக்குத் தெரியப்போவுது” என்றார்.

நல்ல யோசனைதான். நூற்றைம்பது ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பிள்ளை என் சட்டையை இழுத்தாள்.

“மாமா, ஹாரன்?”

கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை. வண்டியில் வரும்போது எந்த டிரைவரின் ஹாரன் வேண்டும் என்று கேட்டேன். மீசைக்காரருடையது என்றாள்.